பிள்ளக்காத்தா

தருணிகாவுக்கு முன்னால் இன்னும் மூன்று பிள்ளைகள். இப்போது நிற்கிற சஞ்சீவ் பேசுவதைவிட மூக்கைத் தேய்ப்பதுதான் அதிகம், தேய் கண்ணா, நன்றாகத் தேய், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. கரும்பலகையில் ஜெசிந்தா டீச்சர் கலர் சாக்பீஸால் ‘நம் தெருவின் வரலாறு’ என்று எழுதியிருக்கிறார், முதல் எழுத்துகளைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டதில் இடம் போதாமல் கடைசி ‘று’ ஓரத்தில் நசுங்கி நிற்கிறது, டவுன் பஸ் படியில் தொங்குகிற ஆள் மாதிரி. என் நிலைமையும் அதுதான். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது, இடது பக்கம் யாரோ ஒரு அம்மா, வலது பக்கம் அக்கா. அக்கா பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருக்கிறாள். காதோர முடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடலாம். எடுத்தால் “என்னடி சுகந்தி” என்று திரும்புவாள், திரும்பினால் என் முகத்தைப் பார்ப்பாள், பார்த்தால் தெரிந்துபோய்விடும், நான் ஒளித்து வைக்கிறது எல்லாம் எனக்கு முன்னால் என் முகத்துக்கு வந்துவிடும். பஞ்சு இருக்கட்டும். அங்கே ஜன்னலோரம் வரிசையில் அவள் மகள் தருணிகா நிற்கிறாள், கையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட சார்ட், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை, எங்களைப் பார்த்து, முக்கியமாக அக்காவைப் பார்த்து, உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். அம்மாவுக்கு சஸ்பென்ஸாம். நாலு நாளாக வீட்டில் அந்தச் சார்ட்டை அக்கா கண்ணில் காட்டவே இல்லை, ஒரே ஒரு தரம் ஓரத்தில் எலிப் படம் மட்டும் தெரிந்தபோது “என்னடி இது, பிள்ளையாரைக் காணோம், எலி மட்டும் நிக்குது” என்றாள் அக்கா, வாலுக்கு அவளே பிரவுன் கலர் அடித்துக் கொடுத்தாள். அது எந்த எலி என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன்.

சஞ்சீவ் முடித்துவிட்டான் போலிருக்கிறது. அவன் தெருவில் டூரிங் டாக்கீஸ் இருந்ததாம், அதுவே இப்போது கல்யாண மண்டபமாம். பிள்ளை பேசி முடித்ததும் அந்த வீட்டு ஆள் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், சும்மா கைதட்டிவிட்டுப் போகக் கூடாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். அவனுடைய தாத்தா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “ஏண்டா, உங்கப்பனுக்கும் அம்மாளுக்கும் அந்த மண்டபத்துலதான கல்யாணம் ஆச்சு, அதய ஏண்டா சொல்லுல?” என்று கேட்கிறார். “அது வரலாறு இல்லீங் தாத்தா.” “பின்ன என்னடா?” “சண்டைங்.” எல்லோரும் சிரிக்கிறார்கள், அக்கா என் தோளில் இடித்துச் சிரிக்கிறாள், அவள் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களைத் தட்டாமல் சிரிக்கத் தெரியாது. “நான் என்ன கேக்கப் போறன்னு சொல்லட்டா?” என்று காதுக்குள் கேட்கிறாள். “உனக்கு ரொம்பப் புடிச்ச சாமி எதுன்னு கேப்பேன். பிள்ளக்காத்தான்னு சொல்லுவா பாரு. பாட்டாட்டம் சொல்லுவா.” நான் தலையை ஆட்டுகிறேன். ஆட்டிய தலையை நிறுத்தத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் ஆட்டுகிறேன்.

பிள்ளக்காத்தா. எங்கள் தெரு முக்கில் வேப்பமரத்தடியில் சின்னக் கோயில், மாரியம்மன்தான், ஆனால் யாரும் மாரியம்மன் என்று சொல்ல மாட்டார்கள், பிள்ளக்காத்தா கோயில், பிள்ளக்காத்தா ஸ்டாப், ஆட்டோக்காரருக்கும் அப்படிச் சொன்னால்தான் தெரியும். மரம் நிறையத் தொட்டில்கள், விரல் நீளத்துக்கு மரத்தொட்டில், மஞ்சள் துணித் தொட்டில், காற்றடித்தால் காலியாக ஆடும். சின்ன வயதில் அதைப் பார்த்தால் எனக்குப் பயம், இத்தனை தொட்டிலில் இருந்த குழந்தைகள் எல்லாம் எங்கே போயின என்று அம்மாவிடம் கேட்டு அடி வாங்கினேன், இனிமேல் வரப்போகிற குழந்தைகளுக்குத்தான் தொட்டில் என்று அக்காதான் பிறகு சொன்னாள். அக்காவுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஆனதும் அவளும் ஒன்று கட்டினாள். ஒரு வருசம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல், கம்பெனி விட்டு வந்து குளித்து ஈரத்தலையோடு. மாமாவின் அம்மா வாசலில் நின்று “தொட்டில் கட்டற வேகத்துக்கு மரமே முறிஞ்சிரும்” என்று சொன்னது தெருவுக்கே கேட்டது, அக்கா காதில் விழாத மாதிரி கோலம் போட்டாள், புள்ளி எல்லாம் தப்பாக வைத்தாள், நான் பார்த்தேன். ஈரோட்டில் ஆஸ்பத்திரி, கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி, பெரிய பெரிய கோயில்கள் எல்லாம் போகச் சொன்னார்கள். அக்கா போகவில்லை. “பேர்லயே இருக்குதுல்ல. பிள்ளயக் காத்த ஆத்தா. வேற சாமிகிட்ட நாமதான் போயிக் கேக்கோணும். இவ அதுக்குன்னே உக்காந்திருக்கறா.” இதைத்தான் சொல்வாள். பேர்லயே இருக்குது. கம்பெனியில் புதிதாகச் சேர்கிற பெண்களிடமும் இதையேதான் சொல்லி அனுப்புகிறாள், சிலர் வந்து கட்டுகிறார்கள், சிலருக்குப் பிறக்கிறது. இவளுக்கும் பிறந்தாள். அதோ ஜன்னலோரம் நின்று சடை நுனியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

பேர்லயே இருக்குது. அந்தப் பேர்தான். கோயமுத்தூர் காலேஜில் ஹிஸ்டரி வகுப்பு, மத்தியானத் தூக்கத்தில் மேடம் பழைய கொள்ளை நோய்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனார், பிளேக் வந்தபோது ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு வெளியே காட்டில் குடிசை போட்டு இருந்தார்கள், நம் பக்கத்தில் சில இடங்களில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருக்கிறது, நோய் போக வேண்டும் என்று கட்டியது. நோட்டில் எழுதிக்கொண்டேன், மறந்தும் போனேன். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட், சோமனூர் தாண்டி எங்கேயோ, காற்று முகத்தில் அடிக்கிறது, வாய் தானாக முணுமுணுக்கிறது, பிளேக் மாரியாத்தா, பிளேக் ஆத்தா, பிளேக்காத்தா. அடுத்த ஸ்டாப் வரைக்கும் மூச்சே விடவில்லை. பிளேக்காத்தா, பிளக்காத்தா, பிள்ளக்காத்தா. உடனே நோன்பு ஞாபகம் வந்தது. வருசம் ஒரு நாள் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்ப் பொங்கித் தின்றுவிட்டு விளக்கு வைத்த பிறகுதான் ஊருக்குள் நுழைவோம், ஏன் என்று கேட்டால் ஆத்தா ஊரைச் சுற்றிப் பார்க்கிறாள், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்பார்கள். அவர்கள் ஓடிப்போனதைத்தான் நாங்கள் வருசா வருசம் சட்டியும் அரிசியும் தூக்கிக்கொண்டு நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த பஸ்ஸில் தோன்றியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது, பக்கத்து சீட் அம்மாவிடம்கூடச் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை. என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை, ஒரு சத்தம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டு “பிள்ளக்காத்தா குடுத்த பிள்ளயல்ல” என்று ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது, அது பிள்ளை இல்லை அக்கா, எலி கொண்டுவந்த பிளேக் என்று. விழுங்கிவிட்டேன். விழுங்குவது எனக்குப் பழக்கம்தான்.

அப்படி இருந்தவள் இந்தப் பிள்ளையிடம் மட்டும் எப்படிச் சொன்னேன். தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் நின்றேன், தருணிகா வந்து, “சித்தி, தெருவுல பழைய இடம் ஒண்ணப் பத்திப் பேசோணுமாம், பிள்ளக்காத்தாளுக்கு ஏன் சித்தி அந்தப் பேரு?” என்றாள். அவள் கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்ப்பதில்லை, நாக்கு ஒட்டிக்கொள்வதில்லை, மற்றவர்கள் கேட்கும்போது நான் பதிலை மனசுக்குள் மூன்று முறை எழுதி அழிப்பேன், அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இவளிடம் பேச்சு தண்ணீர் மாதிரி வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் ஐயோ என்றிருந்தது, “இது அம்மாகிட்ட…” என்று இழுத்தேன், அவள் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். “ஆமா சித்தி, சொல்லக் கூடாது, சஸ்பென்ஸ். அம்மாவுக்குத்தான அந்தச் சாமின்னா உசுரு. எவ்வளவு சந்தோசப்படும் தெரியுமா?” டீச்சரும் படித்துவிட்டு சூப்பர் என்று சொன்னாராம். டீச்சர் நாகர்கோவில்காரர், தொட்டில் கட்டியவர் இல்லை.

ஹாஜிரா என்று ஒரு பிள்ளை வந்து நிற்கிறாள். தெருக்குழாய் வந்த கதை. அதற்கு முன்னால் எல்லோரும் எங்கே போய்த் தண்ணீர் எடுத்தார்கள், யார் யார் சண்டை போட்டார்கள் என்று பேர் சொல்லிச் சொல்லிக்கொண்டு போகிறாள், பின்னால் ஒரு குரல் “அடியே எம்பேர விட்டுர்றீ” என்கிறது, சிரிப்பு. இன்னும் ஒரு பையன்தான். இப்போது எழுந்துபோய் அவளைக் கூப்பிட்டு, கண்ணு, அந்தப் பேர் விசயம் மட்டும் வேண்டாம், கோயில் பழசு, மரம் பழசு, அதோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கேட்பாள். கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். ஏன் சித்தி, பொய்யா என்பாள். பொய் இல்லை. நெஜமா? நிஜம் என்றும் தெரியாது. அப்போது ஏன் வேண்டாம்? அதற்கு என்ன சொல்வது, அம்மா உடைந்துபோய்விடுவாள் என்றா, இப்படி எல்லாவற்றையும் விழுங்கு, இதுதான் பெரிய பிள்ளை ஆகிறது என்றா. அதை நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. சரி, அப்படியென்றால் அக்கா? கூட்டத்துக்கு நடுவில், பெற்ற பிள்ளை வாயால், நீ கும்பிட்ட பேரே வாய்தவறி வந்தது என்று கேட்கப்போகிறாளே. எழுந்து போய்விட்டால்? அழுதுவிட்டால்? கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை, சும்மா இருந்துவிட்டால், அந்தக் கோலத்தில் புள்ளி தப்பாக வைத்த மாதிரி சும்மா இருந்துவிட்டால். நான் எழுந்தே விட்டேன். பாதிதான். பெஞ்சு டெஸ்க்கோடு சேர்ந்தது, முட்டி இடித்து மொத்தப் பெஞ்சும் ஆட, அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, ஹாஜிராவே பேச்சை நிறுத்திப் பார்க்கிறாள். “பாத்ரூமா?” என்கிறாள் அக்கா, காதுக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு. இல்லை என்று தலையாட்டி உட்கார்ந்துவிடுகிறேன். என்னால் முடியாது. யாரையாவது காப்பாற்ற இத்தனை முழங்கால்களைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் என்னால் முடியாது.

ரித்திக்கோ யாரோ, மூன்றாவதாக வந்த பையன், சார்ட்டைப் பிடித்துக்கொண்டு சார்ட்டுக்குப் பின்னாலேயே நின்று பேசுகிறான், இரண்டு காலும் ஒரு குரலும்தான் தெரிகிறது. கொடுத்து வைத்தவன். இவன் என்ன பேசினான் என்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, கைதட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். ரப்பர் பேண்ட் தெறிக்கிற சத்தம். தருணிகா சார்ட்டை விரித்து ஜெசிந்தா டீச்சரிடம் ஒரு முனை, ஜன்னல் கம்பியில் ஒரு முனை. கோயில் இருக்கிறது, மரம் இருக்கிறது, மரத்தை விடப் பெரிய எலி இருக்கிறது. “அனைவருக்கும் வணக்கம். என் பெயர் மு. தருணிகா. நான் எங்கள் தெருவில் உள்ள பிள்ளக்காத்தா கோயிலைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.” அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் கை சூடாக இருக்கிறது, காய்ப்பு ஏறிய கை, என் கை ஜில்லிட்டிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். மேடைத்தமிழ் இரண்டு வரிதான் தாங்கியது. “இப்ப எல்லாரும் நான் சொல்றதயத் திருப்பிச் சொல்லோணும். பிளேக்.” சிலர் பிளேக் என்கிறார்கள். “ஆத்தா.” ஆத்தா. “சேத்துச் சொல்லுங்க.” பிளேக் ஆத்தா. “வேகமா. இன்னும் வேகமா. சோறு பொங்கி வழியுது, பஸ்ஸு வந்துருச்சு, வேகமா!” சிரிப்பும் சத்தமுமாக மொத்த வகுப்பும் சொல்கிறது, தாத்தா சொல்கிறார், ஹாஜிராவின் அம்மா சொல்கிறார், பிளேக்காத்தா பிளேக்காத்தா பிளக்காத்தா, என் அக்கா எல்லோரையும் விடப் பலமாகச் சொல்கிறாள், பிளக்காத்தா பிள்ளக்காத்தா பிள்ளக்காத்தா, சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாயாக அது நின்றுபோகிறது. யாரோ “அட” என்கிறார்கள். நான் பஸ்ஸில் தனியாகக் கேட்டதை இத்தனை பேர் சொந்த வாயில் கேட்டுவிட்டார்கள். அக்காவின் வாய் கடைசியாக நின்றது. தருணிகா விடாமல் போகிறாள், எலிக்கு நோய் வந்தது, எலியிடமிருந்து ஜனங்களுக்கு, எல்லோரும் வீட்டைப் பூட்டிக் காட்டுக்குப் போனார்கள், நோய் போனதும் திரும்பி வந்து சாமிக்கு அந்த நோய்ப் பேரையே வைத்திருப்பார்கள், நோன்புக்கு நாம் காட்டுக்குப் போகிறது அதனால்தான் இருக்கும், “இது எங்க சித்தி கண்டுபிடிச்சது, உறுதியாத் தெரியாது, ஆனா வாய் சொல்லுது பாருங்க. நன்றி வணக்கம்.” யாரும் உடனே கைதட்டவில்லை. என் கையிலிருந்து அக்காவின் கை போய்விட்டது. எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை.

“தருணிகா வீட்லருந்து கேள்வி?” என்கிறார் ஹெட்மிஸ்ட்ரஸ். அக்கா எழுந்திருக்கிறாள். அவளுக்கு முட்டி இடிக்கவில்லை. நான் டெஸ்க்கில் யாரோ காம்பஸால் குடைந்து வைத்திருக்கிற ஓட்டையைப் பார்க்கிறேன், அதற்குள் போய்விட முடியுமா என்று பார்க்கிறேன். “அப்ப நான் யாருக்குத் தொட்டில் கட்டுனேன் பாப்பா?” அக்காவின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை, அடியில் ஏதோ கழன்றிருக்கிறது. தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், அவள் எத்தனை வெள்ளிக்கிழமை ஈரத்தலையோடு நின்றாள் என்று தெரியும். தருணிகாவின் முகத்திலிருந்து சிரிப்பு போகிறது, அவள் இதை எதிர்பார்க்கவில்லை, ஒரு காலால் இன்னொரு காலின் கெண்டையைச் சொறிகிறாள், என்னைப் பார்க்கிறாள், நான் என்ன செய்வேன் கண்ணு, எனக்கும் தெரியாது, இத்தனை வருசமாக எனக்கும் இதற்குப் பதில் தெரியாது. “அந்த ஆத்தாளுக்குத்தாம்மா” என்கிறாள். “பேரு வேறங்கறயல்ல?” “பேரு வேறன்னா என்னம்மா? நீ அவசரத்துல சித்தி பேரச் சொல்லி என்னைய சுகந்தி சுகந்தின்னுதான் கூப்பிடற. நான் வந்தர்றேன்ல?”

முதலில் சிரித்தது அந்தத் தாத்தாதான், பிறகு எல்லோரும், கைதட்டல் சிரிப்புக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது, ஹாஜிராவின் அம்மா “எங்க வீட்லயும் இதே கததான்” என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறார். அக்கா நின்றுகொண்டே இருக்கிறாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. அவளுடைய தோள் ஆடுகிறது, அழுகிறாளா சிரிக்கிறாளா, முன்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்தத் தோள் பக்கத்து ஆளைத் தட்டியது, டெஸ்க்கைத் தட்டியது, அப்பாடா, சிரிக்கிறாள். “அதுஞ் செரிதான்” என்கிறாள். உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த பையன் வந்து வணக்கம் சொல்கிறான், எங்கள் தெருவில் உள்ள செக்குமேடு என்கிறான். “நீதான் சொல்லிக் குடுத்தியா?” என்கிறாள் அக்கா, பலகையைப் பார்த்துக்கொண்டே. ம் என்கிறேன். “எப்பத் தெரியும் உனக்கு?” “காலேஜ் படிக்கறப்ப.” “எனக்கு ஏண்டி சொல்லுல?” மூன்று முறை எழுதி அழிக்க நேரம் இல்லை, “உனக்குக் கஷ்டமா இருக்கும்னு” என்று அப்படியே வந்துவிடுகிறது. இப்போது திரும்பிப் பார்க்கிறாள். கண் சிவந்துதான் இருக்கிறது. “தெரு பேசுன பேச்செல்லாம் தாங்குனவளுக்கு ஒரு பேரு தாங்காதா? என்னைய என்னன்னு நெனச்ச நீ?” என்னவென்று நினைத்தேன். உடைந்துபோகிறவள் என்று நினைத்தேன். உடைந்துபோகிறது நான் என்று அவள் நினைத்திருப்பாள், அதனால்தான் சின்ன வயதில் தொட்டிலைப் பற்றி நல்லதாகச் சொல்லி என்னைத் தேற்றினாள். “காட்டுல குடிச போட்டு இருந்தாங்கன்னாளே, பிள்ள பெத்தவங்க எல்லாங்கூடவா? மழைல என்ன பண்ணாங்க? பூட்டுன வீட்டுக்கு எப்பத் திரும்பி வந்தாங்க?” இதையெல்லாம் நான் யோசித்திருக்கிறேன். எல்லாவற்றையும் யோசித்திருக்கிறேன், பதில் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது நிறைய, தெரியாததும் சேர்ந்தே வாய்க்கு வருகிறது, மேடம் சொன்னது, நூலகத்தில் தேடியது, கிடைக்காமல் போனது, நாம் காட்டில் அடுப்பு வைக்கிற அதே இடத்தில்தான் அவர்களும் வைத்திருப்பார்களோ என்று தோன்றியது, சொல்லிக்கொண்டே போகிறேன், கை வேறு ஆடுகிறது. முன் பெஞ்சிலிருந்து ஒருவர் திரும்புகிறார், செக்குமேட்டுப் பையனின் அப்பாவாக இருக்கும். “ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, எம்பையன் பேசறதே கேக்க மாட்டீங்குது.” என்னையா சொல்கிறார். அக்காவைத்தானே எல்லோரும் சொல்வார்கள், இல்லை, என்னைத்தான் பார்க்கிறார். மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயெடுக்கிறேன், அக்கா முந்திக்கொண்டு, “இருங்கண்ணா, முக்கியமான விசயம்” என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என் முழங்காலில் தட்டுகிறாள்.

“நீ சொல்லு.”